மூன்றாம் தூணின் இரும்பு வளையம்

"ஒரு இரும்பு வளையம், யாரும் தொடாம, மண்ணுக்குள்ள மூணு ஆள் ஆழத்துக்குப் போகுமா?"

வீட்டுக்குள் வந்த மனிதர் உட்காருவதற்கு முன்பே இதைத்தான் கேட்டார். வாசலில் ஷூவைக் கழற்றும்போது ஒரு கால் உறையும் சேர்ந்து கழன்றுவிட்டது. அதைக் கவனிக்காமல் மற்ற உறையோடு கூடத்தின் நடுவில் வந்து நின்றார்.

அண்ணி நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினாள். ஊரில் எல்லோருக்கும் அவள் அண்ணிதான். அவளைவிட மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். எரிந்த கடை, கவிழ்ந்த லாரி, இடிந்த சுவர் என்று இழப்புகளை நேரில் போய்ப் பார்த்து மதிப்பிடும் காப்பீட்டு வேலையில் பல காலம் இருந்தவள். அந்த வேலையை அவள் விட்டுவிட்டாள். ஜனங்கள் அவளை விடவில்லை.

முறைப்படி அவளை அண்ணி என்று கூப்பிடும் உரிமை ஒருவனுக்குத்தான் உண்டு, அவள் கணவனின் தம்பிக்கு. போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்த அவனை ஊர் ஃப்ளாஷ் என்று அழைத்தது. ஸ்டுடியோவில் கூட்டம் இல்லாத நாட்களில், அதாவது பெரும்பாலும், அண்ணி வீட்டில்தான் இருப்பான். இப்போதும் கதவுக்குப் பின்னாலிருந்து கடித்த ஆப்பிளோடு எட்டிப் பார்த்தான்.

"தானா போகாதுன்னா யாரோ அனுப்பியிருக்கணும். உட்காருங்க சார். யாருன்னு நினைக்கிறீங்க?" என்றாள் அண்ணி.

"அதைச் சொல்லத்தான் வந்தேன். நான் பாலங்களுக்குப் பொறியாளர்."

"மூடி வெச்சிருக்கீங்களே, அந்தப் பாலமா?" ஃப்ளாஷ் முழுசாக வெளியே வந்துவிட்டான்.

"அதேதான். இன்னிக்குச் சாயங்காலம் திறக்கறோம். அதுக்குள்ள எனக்கு ஒரு பதில் வேணும்."

அவர் நிதானமாகச் சொல்லத் தொடங்கினார். பழக்கப்பட்ட விஷயத்தைப் பேசுவதால் மூச்சு சீரானது.

"ஆத்துல ஒரு தூண் நின்னா, தண்ணி அதுல மோதிக் கீழ்நோக்கித் திரும்பும். திரும்பின தண்ணி தூணடி மண்ணைத் தோண்டும். எவ்வளவு ஆழம் தோண்டும்னு முன்னாடியே கணக்குப் போட்டுச் சொல்றதுதான் என் வேலை. இந்தப் பாலத்துல எவ்வளவு பெரிய வெள்ளம் வந்தாலும் ஒன்றரை ஆள் ஆழத்துக்கு மேல குழி விழாதுன்னு சொல்லியிருந்தேன். அஸ்திவாரம் நாலு ஆள் ஆழம். அதனால கவலையே இல்ல. இருந்தாலும் காவலுக்கு ஒரு கருவி வெச்சோம். மூணாவது தூணுக்குப் பக்கத்துல ஒரு குழாயை ஆழமா அடிச்சு இறக்கி, அதைச் சுத்தி ஒரு கனமான வளையம். வளையம் ஆத்து மண்மேல உட்கார்ந்திருக்கும். மண்ணு போச்சுன்னா வளையமும் இறங்கும். அதுல காந்தம் இருக்கு. குழாய்க்குள்ள இருக்கற ஒயர், வளையம் எங்க இருக்குன்னு கரையில ஒரு அறைக்குச் சொல்லும்."

"அந்த அறையில யாரு?"

"கருவிப் பொறுப்பாளர். ஒரு பொண்ணு. நான்தான் வேலைக்கு எடுத்தேன்." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வெள்ளம் உச்சத்துல இருந்தப்போ, வளையம் மூணு ஆள் ஆழத்துக்குப் போயிடுச்சுன்னு சொல்லி, பாலத்து வாசல் கேட்டை இறக்கி மூடிட்டா. சரி, என் கணக்கு தப்பா இருக்கலாம், நானும் மனுஷன்தானே. தண்ணி வடிஞ்சதும் படகு விட்டு அளந்தோம். குழியே இல்ல மேடம். முழங்கால் அளவுக்குக்கூடப் பள்ளம் இல்ல. வெள்ளத்துக்கு முன்னாடி தரை எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்கு."

"வளையம்?"

"கருவி இன்னும் மூணு ஆள் ஆழம்னுதான் காட்டுது. அதாவது, கலையாத மண்ணுக்கு அடியில."

"பூட்டின வீட்டுக்குள்ள ஆள் புகுந்த மாதிரி!" ஃப்ளாஷின் கண்கள் விரிந்தன.

"யாரும் புகல தம்பி. பொய். அவளோட அண்ணன் அங்கதான் படகு ஓட்டறான். பாலத்தை மூடினா அக்கரைக்குப் போற எல்லாரும் அவன் படகுலதான் ஏறணும். அவளை வேலையை விட்டு எடுக்கச் சொல்லி மேலிடத்துல சொல்லியாச்சு. எடுக்கறதுக்கு முன்னாடி, அவ எப்படிச் செஞ்சான்னு எனக்குத் தெரியணும்."

"செஞ்சாளான்னு தெரிய வேண்டாமா?"

பொறியாளர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார்.

"பாலத்தைத் திறந்ததும் முதல்ல யார் போவாங்க?" என்று கேட்டாள் அண்ணி.

"நான்தான். மூடின பாலத்தைத் திறந்தா, முதல் சரக்கு லாரியில டிரைவர் பக்கத்துல பொறியாளர் உட்கார்ந்து போகணும். எங்க துறையில அது வழக்கம்."

அண்ணி எழுந்து செருப்பை மாட்டினாள். "அப்போ கொஞ்சம் சீக்கிரமே கிளம்பறது நல்லது. சார், உங்க இன்னொரு சாக்ஸ் ஷூவுக்குள்ள இருக்கு."

*

பாலத்தின் இந்தப் பக்கம் சரக்கு லாரிகள் வரிசையாக நின்றிருந்தன. டிரைவர்கள் நிழலில் சீட்டாடினார்கள். ஆறு, எதுவுமே நடக்காததுபோல, தூண்களுக்கு நடுவே சோம்பலாகப் போய்க்கொண்டிருந்தது. வெள்ளம் வந்துபோனதற்கு அடையாளமாக மரக்கிளைகளில் மட்டும் கந்தல் துணிகளும் பிளாஸ்டிக் பைகளும் தொங்கின.

கருவி அறை மிகச் சிறியது. ஒரு மேசை, ஒரு திரை, வெளியே மூன்றாம் தூணைப் பார்க்கும் ஒரு ஜன்னல். அங்கே இருந்த பெண் நாற்காலியை அண்ணிக்குக் கொடுத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து நின்றாள். சரியாகத் தூங்காத முகம்.

"கருவி பழுதுன்னா நான் முட்டாள் அண்ணி. கருவி சரின்னா நான் பொய்க்காரி. ரெண்டுல எது தேவலைன்னு யோசிச்சுட்டிருக்கேன்."

"நீ என்ன நினைக்கறே?"

"அன்னிக்கு நம்பினேன். ஆழம் அளக்கற குண்டண்ணன் கயிறு விட்டு அளந்ததைப் பார்த்த பிறகு நானே என்னை நம்பல."

"வளையம் ஒரேயடியா விழுந்துச்சா, கொஞ்சம் கொஞ்சமாவா?"

"கொஞ்சம் கொஞ்சமாத்தான். ஆத்தோட மேல்பக்கம் ஒரு செங்கல் சூளை இருந்துச்சே, இந்தக் கோடையில புதுசா போட்டது, அது சரிஞ்சு ஆத்துல போன சத்தம் இங்க வரைக்கும் கேட்டுச்சு. அப்போ ஒரு ஆள் ஆழம்தான். அதுக்கப்புறம்தான் மடமடன்னு இறங்கிச்சு. மூணு ஆள் ஆழத்தைத் தொட்டதும் கேட்டை இறக்கிட்டேன்."

"சார்கிட்ட கேட்கலையா?"

"போன் போகல. மழை." சற்றுத் தயங்கினாள். "போயிருந்தா வேண்டாம்னுதான் சொல்லியிருப்பார்."

கதவருகே நின்ற பொறியாளர் தொண்டையைச் செருமினார்.

"அந்த வளையம் மறுபடி மேல ஏறுமா?" என்று கேட்டாள் அண்ணி.

"எப்படி ஏறும்? அவ்வளவு கனம். அதுக்கு இறங்க மட்டும்தான் தெரியும்."

அப்போது வெளியே ஒரே கூச்சல். ஃப்ளாஷ் ஒரு கயிற்றை இழுத்துக்கொண்டு வந்தான். கயிற்றின் முனையில் தட்டு அகலத்துக்கு ஒரு காந்தம். அதில் இரண்டு ஆணிகளும் ஒரு ஸ்பூனும் ஒட்டியிருந்தன. பின்னாலேயே படகோட்டி ஓடி வந்தான்.

"யோவ், அதைக் கீழ போடுய்யா! கால்ல விழுந்தா விரல் இருக்காது!"

"அண்ணி, மாட்டிக்கிட்டார்! இவர் படகுக்குள்ள இருந்துச்சு. குழாய்க்குள்ள காந்தத்தை இறக்கினா கருவி ஏமாந்துடும். வளையம் மேலதான் இருக்கும், கருவி கீழ காட்டும். அண்ணன் காந்தத்தை விட்டார், தங்கச்சி கேட்டை மூடினா. முடிஞ்சு போச்சு!"

"தண்ணியில விழுந்த சாவி, கொக்கி, செயின் எல்லாம் எடுக்கறதுக்குப்பா அது," என்றான் படகோட்டி. "போன மாசம் உன் ஸ்டுடியோ சாவியையே எடுத்துக் குடுத்தேனே, மறந்துட்டியா?"

ஃப்ளாஷ் முகம் கொஞ்சம் சுருங்கியது. ஆனாலும் விடவில்லை. "அது வேற, இது வேற."

அண்ணி காந்தத்தைப் பார்த்தாள். "குழாய் எவ்வளவு அகலம்மா?"

"என் மணிக்கட்டு அளவு," என்றாள் பெண்.

"தட்டு மணிக்கட்டுக்குள்ள போகுமா கொழுந்தனாரே?"

"சின்னதா இன்னொண்ணு வெச்சிருக்கலாமே!"

"வெச்சிருக்கலாம். அப்போ குழாயோட மூடியைப் போய்ப் பார்ப்போம். படகு யாருது?"

"என்னோடதுதான்," என்றான் படகோட்டி. "திருடன் படகுல போலீஸ் வர்றது இதான் முதல் தடவை. ஏறுங்க அண்ணி. பாப்பா, நீயும் வா."

பெண் முறைத்தாள். "ஆபீஸ் ஆளுங்க முன்னாடி பாப்பான்னு கூப்பிடாதேன்னு எத்தனை தடவை சொல்றது?"

ஆழம் அளப்பவரும் படகில் ஏறிக்கொண்டார். தென்னை ஈர்க்குச்சி மாதிரி இருந்த அவரைத்தான் எல்லோரும் குண்டண்ணன் என்றார்கள். கயிற்றில் ஈயக்குண்டு கட்டி ஆற்றில் விட்டு அளப்பவர் என்பதால் வந்த பெயர்.

மூன்றாம் தூணின் பக்கவாட்டில் குழாயின் தலை தெரிந்தது. மூடியை நான்கு போல்ட்டுகள் இறுக்கியிருந்தன. போல்ட்டுகள் மேலும் மூடியின் விளிம்பு மேலும் சாம்பல் நிறப் பெயின்ட் தடிமனாகப் பூசப்பட்டிருந்தது. ஓரிடத்திலும் விரிசல் இல்லை. அதன்மேல் சிலந்தி ஒன்று வலை கட்டத் தொடங்கியிருந்தது.

"இந்தப் பெயின்ட் எப்போ அடிச்சது?"

"கருவி வெச்சப்போ," என்றார் பொறியாளர். குரலில் முதல் முறையாக ஒரு தயக்கம். "அதுக்கப்புறம் யாரும் திறக்கல."

"வெள்ளத்துல திறந்து மூடினா பெயின்ட் தெறிச்சிருக்கும். தவிர, அன்னிக்கு இந்த இடத்துல படகு நிக்க முடிஞ்சிருக்குமா?"

"படகா?" படகோட்டி சிரித்தான். "அன்னிக்கு என் படகைப் புளியமரத்துல கட்டி வெச்சிருந்தேன். மரம் நிக்குமான்னே சந்தேகம்."

ஃப்ளாஷ், திருட்டைப் படம்பிடிக்க எடுத்திருந்த கேமராவைப் பைக்குள் வைத்தான்.

"இப்ப அளந்து காட்டுங்க குண்டண்ணே," என்றாள் அண்ணி.

குண்டண்ணன் ஈயக்குண்டின் அடியில் இருந்த குழிவில் மசகுக் கொழுப்பைத் தடவினார். கயிறு சரசரவென்று இறங்கித் தொய்ந்தது. "தரை. ஒரு ஆள் தண்ணி. பழைய அளவேதான்." இழுத்து மேலே எடுத்தார். கொழுப்பில் அடிமண் ஒட்டிக்கொண்டு வந்தது. சுத்தமான, வெளிறிய மணல். அதில் சிவப்புத் துணுக்குகள்.

"கொழுப்பு எதுக்கு?"

"அடியில என்ன மண்ணுன்னு தெரியறதுக்கும்மா. அந்தக் காலத்திலிருந்து செய்யறது. இப்ப யாரும் அதைப் பார்க்கறதில்ல. ஆழம் மட்டும் கேட்பாங்க, சொல்லிடுவேன்."

"ரெண்டு தூணுக்கு நடுவுல ஒரு தடவை போடுங்க."

அங்கே தண்ணீரின் ஆழம் அதேதான். ஆனால் கொழுப்பில் ஒட்டி வந்தது கறுத்த கூழாங்கல், பாசி படிந்தது. அண்ணி இரண்டையும் படகின் பலகையில் அருகருகே வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். சிவப்புத் துணுக்கு ஒன்றை நகத்தால் கீறினாள். நகத்தில் செந்தூள் ஒட்டியது.

"செங்கல்," என்றாள். "குண்டண்ணே, கயிறு தொய்ஞ்சா அதுதான் தரையா?"

"ஆமாம்மா. குண்டு எங்க நிக்குதோ அதான் தரை."

"சார், பாலம் கட்டும்போது மண் எடுத்துப் பார்த்த குழாய் ஏதாவது இருக்கா? திருகித் திருகி நீட்டற மாதிரி?"

"கிடங்குல கிடக்கு." பொறியாளர் அவளையே பார்த்தார். அவர் முகத்தில் ஏதோ ஓடியது.

குழாய் வந்தது. முதலில் இரண்டு தூண்களுக்கு நடுவில், பழைய கூழாங்கல் தரையில், படகோட்டியும் ஃப்ளாஷும் சேர்ந்து அழுத்தினார்கள். முழ ஆழம்கூடப் போகவில்லை. ஃப்ளாஷ் சம்மட்டியால் அடித்துப் பார்த்தான். குழாய் எகிறியது, படகு ஆடியது, ஃப்ளாஷ் உட்கார்ந்துவிட்டான்.

பிறகு மூன்றாம் தூணுக்கு வந்தார்கள். கருவிக் குழாயை ஒட்டியே இறக்கச் சொன்னாள் அண்ணி. படகோட்டி ஒற்றைக் கையால் அழுத்தினான்.

"அட! வெண்ணெயில கத்தி போற மாதிரிப் போகுது!"

ஓர் ஆள் ஆழம் உள்ளே போனது. இன்னொரு துண்டைத் திருகினார்கள். இரண்டு ஆள். இன்னொரு துண்டு. கருவிப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு குனிந்து பார்த்தாள்.

ணங்.

இரும்பில் இரும்பு மோதிய சத்தம் குழாய் வழியாக ஏறி வந்து எல்லோர் கையிலும் அதிர்ந்தது.

"வளையம்," என்றாள் பெண். அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "எங்க இருக்குன்னு சொன்னேனோ அங்கதான் இருக்கு!"

*

கரையில், கருவி அறையின் நிழலில், அந்தக் குழாயில் வந்த மண்ணைப் பலகையின் மேல் நீளமாகத் தட்டிப் பரப்பியிருந்தார்கள். மேலே இருந்தது ஒரு முனையில், அடியில் இருந்தது மறுமுனையில். சேற்றுக் காலோடு எல்லோரும் சுற்றி நின்றார்கள். சீட்டாட்டத்தை விட்டுவிட்டு ஒரு லாரி டிரைவரும் வந்து எட்டிப் பார்த்தார்.

"காலையில சார் வந்து மூணு சாட்சிங்களைப் பத்திச் சொன்னார்," என்று ஆரம்பித்தாள் அண்ணி. "வளையம் ஆழமா இருக்குன்னு சொல்லுது. ஈயக்குண்டு தரை மேலதான்னு சொல்லுது. இந்தப் பொண்ணு வளையத்தை நம்பினா. யாரோ ஒருத்தர் பொய் சொல்லியே ஆகணும்னு நாம எல்லாருமே எடுத்துக்கிட்டோம். குழாயோட மூடியைப் பார்த்தப்போ வளையம் பொய் சொல்லலைன்னு தெரிஞ்சுது. குண்டண்ணன் என் கண் முன்னாடியே அளந்தார். அவரும் பொய் சொல்லல."

"அப்போ யார்தான் பொய் சொன்னது அண்ணி?" ஃப்ளாஷால் பொறுக்க முடியவில்லை.

"யாரும் இல்ல. ரெண்டுமே உண்மைதான். ஆனா ஒரே நேரத்தைப் பத்தின உண்மை இல்ல. வளையத்துக்கு இறங்கத்தான் தெரியும். அதனால, நடந்ததுலேயே மோசமான நேரம் எதுவோ அங்கேயே நின்னுடும். ஈயக்குண்டு இன்னிக்கு என்ன இருக்குன்னு மட்டும் சொல்லும். நடுவுல என்ன நடந்துச்சுன்னு இந்த மண்ணு சொல்லுது. பாருங்க."

அவள் விரல் பலகையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நகர்ந்தது. மணல் முழுக்க, மேலிருந்து அடிவரை, சிவப்புத் துணுக்குகள் சிதறிக் கிடந்தன.

"ஆத்துக்குள்ள செங்கல் எப்போ வந்துச்சு? சூளை சரிஞ்ச பிறகுதான். இந்தக் கோடைக்கு முன்னாடி மேல சூளையே இல்ல. அப்போ மூணு ஆள் ஆழத்துல இந்தத் துணுக்கு எப்படி வந்துச்சு? யாரும் புதைக்கல. அன்னிக்கு அங்க மண்ணே இல்ல. வெறும் குழி. வெள்ளம் உச்சத்துல இருந்தப்போ தோண்டின குழி, தண்ணி வேகம் குறைஞ்சதும், மேலிருந்து உருண்டு வந்த மணலாலயும் செங்கல்லாலயும் தானா நிரம்பிடுச்சு. திருடினவனே திருடினதைத் திருப்பி வெச்சுட்டுப் போயிட்டான். ஆனா வேற பொருளை வெச்சுட்டுப் போயிருக்கான்."

"பழைய இறுகின கூழாங்கல்லை எடுத்துட்டு, வெண்ணெயை," என்றான் படகோட்டி மெதுவாக.

"நான் எரிஞ்ச கடைகளைப் பார்க்கப் போவேன். சில இடத்துல நான் போறதுக்குள்ள சுவருக்கு வெள்ளையடிச்சு வெச்சிருப்பாங்க. தீ எவ்வளவு உயரம் எழும்பிச்சுன்னு வெள்ளைச் சுவர் சொல்லாது. சார், உங்களைத்தான் ஒண்ணு கேட்கணும். நீங்க குழியோட ஆழத்தைக் கணக்குப் போட்டீங்களே, அதை முன்னாடி வந்த வெள்ளங்களோட அளவுகளை வெச்சுத்தானே சரிபார்த்தீங்க? அதெல்லாம் எப்போ எடுத்தது?"

பொறியாளர் சேற்றில் குந்தி உட்கார்ந்து மணலைக் கையில் எடுத்தார். விரல்களுக்கு நடுவே அது உதிர்ந்தது.

"படகு இறங்கற அன்னிக்கு," என்றார். "வெள்ளத்துல படகு இறங்காது. அதனால வடியற வரைக்கும் காத்திருப்போம். வடிஞ்சதும் அளப்போம். வருஷா வருஷம், எனக்கு முன்னாடி இருந்தவரும், அவருக்கு முன்னாடி இருந்தவரும்." நிமிர்ந்தார். "குழி திரும்ப நிரம்பும்னு புத்தகத்துல ஒரு வரி இருக்கு மேடம். படிச்சிருக்கேன். நம்ம ஆத்துக்கு அது பொருந்தாதுன்னு நினைச்சேன். ஏன்னா நம்ம அளவுல எங்கயுமே அப்படித் தெரியல. எப்படித் தெரியும்? நாங்க வெள்ளையடிச்ச சுவரை மட்டும்தான் அளந்திருக்கோம்."

"நான்தானே சார் அளந்து குடுத்தேன்," என்றார் குண்டண்ணன் கலங்கி.

"நீங்க சரியாத்தான் குடுத்தீங்க. நான்தான் எப்போன்னு கேட்கல."

லாரி டிரைவர் காதைச் சொறிந்தார். "அப்போ பாலம் இப்ப ஸ்ட்ராங்கா, இல்லையா சார்? அதை மட்டும் சொல்லுங்க."

"தூணை நாலு ஆள் மண்ணு பிடிச்சிருந்துச்சு. இப்ப உண்மையில பிடிச்சிருக்கறது ஒரு ஆள் மண்ணு. மீதி சும்மா பக்கத்துல நிக்குது. பாலம் இப்ப பலத்துல நிக்கலப்பா, பழக்கத்துல நிக்குது. திறந்திருந்தா உன் லாரியில நானும் ஏறி உட்கார்ந்திருப்பேன்." அவர் எழுந்தார். "லாரியெல்லாம் திருப்பச் சொல்லு. இன்னிக்குத் திறக்கல. அடியில கல் கொட்டி, தூணைக் கட்டி முடிக்கற வரைக்கும் திறக்கல."

டிரைவர் முனகிக்கொண்டே போனார். சற்று நேரத்தில் வரிசை முழுக்க ஹாரன்களும் வசவுகளும் எழுந்தன. படகோட்டி தங்கையின் தோளில் கை வைத்தான். "இனிமே படகுக்குக் கூட்டம் தாங்காது. இதுக்குத்தான் செஞ்சேன்னு மறுபடி சொல்லப் போறாங்க, பாரேன்." அவள் அழுதுகொண்டே சிரித்தாள்.

பொறியாளர் மட்டும் நகரவில்லை. மண் ஒட்டிய கையைத் துடைக்கவும் மறந்து, ஆற்றின் கீழ்ப் போக்கைப் பார்த்தபடி நின்றார்.

"என்ன சார்?" என்றாள் அண்ணி.

"இதே கணக்கை வெச்சுத்தான் கீழ இன்னும் அஞ்சு பாலத்துக்கு அஸ்திவாரம் போட்டோம். அங்கயும் இதே வெள்ளம்தான் போச்சு. அங்க வளையம் கிடையாது. எல்லாம் திறந்துதான் இருக்கு."

கருவிப் பெண்தான் முதலில் அசைந்தாள். அறைக்குள் ஓடிப்போய்த் தொலைபேசியை ஜன்னல்வரை இழுத்து வந்து வைத்தாள். கேட்காமலேயே எண்களைச் சொல்ல ஆரம்பித்தாள். அவர் சுழற்றினார்.

முதல் பாலத்தில் எடுத்தார்கள். இரண்டாவதிலும். மூன்றாவதில் கேட் காவலாளி விவாதம் செய்தார், பிறகு பணிந்தார். நான்காவதில், ஏற்கெனவே பயந்துபோயிருந்த ஒருவர் நன்றி என்று சொல்லிவிட்டு வைத்தார். ஐந்தாவதில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஃப்ளாஷ் நகத்தைக் கடித்தான். வைத்துவிட்டு மறுபடி சுழற்றினார். கடைசியில் யாரோ எடுத்தார்கள். பின்னால் வண்டிகள் போகும் இரைச்சல் ஜன்னல்வரை கேட்டது.

"கேட்டை இறக்குங்க," என்றார் பொறியாளர்.

"எதுக்கு சார்? தண்ணியெல்லாம் வடிஞ்சுபோச்சே. இப்பதான் அளந்தோம், அளவு பக்காவா இருக்கு. ஜனங்க அடிக்க வருவாங்க. யார் சொல்லி மூடினேன்னு கேட்டா நான் என்ன சொல்றது?"

பொறியாளர் திரும்பிப் பார்த்தார். "எங்க கருவிப் பொறுப்பாளர் சொன்னாங்கன்னு சொல்லுங்க," என்றவர் ரிசீவரை அந்தப் பெண்ணிடம் நீட்டினார்.

அவள் இரண்டு கைகளாலும் அதை வாங்கினாள்.

"அண்ணே, வண்டியை முதல்ல நிறுத்துங்க. நான் லைன்லதான் இருக்கேன். நிறுத்திட்டு வாங்க, ஏன்னு சொல்றேன்."

மறுமுனையில் ரிசீவரை மேசைமேல் வைக்கும் சத்தம் கேட்டது. எல்லோரும் காத்திருந்தார்கள். வண்டிகளின் இரைச்சல் ஒவ்வொன்றாகக் குறைந்து, பிறகு நின்றது.